மதுரை பிறந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு மதுரையில், மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் யார் வந்தாலும் கோயிலுக்கு அழைத்துப் போகிற பொறுப்பு என்னுடையது. பொற்றாமரைக் குளத்தைச் சுற்றி வரும்போது சுவரில் உள்ள திருவிளையாடல் ஓவியங்களைப் பார்த்ததும் கேள்விகள் தொடங்கிவிடும். பல வருஷமாகக் கேட்டும் சொல்லியும், ஏறக்குறைய அதே கேள்விகள்தான் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

மதுரையை யார் கட்டினதா கதை சொல்லுது? சுருக்கமா சொல்லுங்க.

கட்டியவன் குலசேகர பாண்டியன். அவன் மணவூர் என்ற ஊரிலிருந்து ஆண்டுவந்தான். மணவூருக்கு மேற்கே பெரிய கடம்ப மரக் காடு. தனஞ்சயன் என்ற வணிகர் மேற்கே வியாபாரத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், அந்தக் காட்டுக்குள் இருட்டிவிட்டது. அங்கே எட்டு யானைகள் தாங்கும் ஒரு விமானம் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் சிவலிங்கம். அன்று சோமவாரம். தேவர்கள் வந்து இரவின் நான்கு யாமமும் பூசை செய்ய, தனஞ்சயனும் அவர்களோடு நின்று கும்பிட்டார். விடிந்ததும் பார்த்தால் தேவர்கள் யாரையும் காணோம். லிங்கம் மட்டும் அப்படியே இருந்தது.

அவர் நேரே மணவூருக்குப் போய் அரசனிடம் சொன்னார். அன்று இரவு அரசன் கனவிலும் ஒரு சித்தர் வந்து, "காட்டைத் திருத்தி நகரம் கட்டு" என்று சொன்னார். கனவும் நேரில் கண்டவர் சொன்னதும் ஒத்துப்போகவே, அரசன் ஆட்களோடு போய்க் காட்டை வெட்டித் திருத்தினான். அந்தச் சித்தரே நேரில் வந்து கோயிலும் வீதியும் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து மறைந்தார். சித்தர் வேடத்தில் வந்தது சிவபெருமான். நகரம் எழுந்த பிறகு தன் சடையில் உள்ள பிறையின் அமுதத்தை அதன் மேல் தெளித்தார். ஊர் இனித்தது, அதனால் மதுரை ஆயிற்று.

இது எந்தப் புத்தகத்துல இருக்கு?

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில். மொத்தம் 64 திருவிளையாடல்கள். அவற்றில் மூன்றாவதான 'திருநகரங்கண்ட படலம்' இந்தக் கதை. மதுரைக் காண்டம், கூடற் காண்டம், திருவாலவாய்க் காண்டம் என்று நூலுக்கு மூன்று பகுதிகள். மூன்றுமே இந்த ஊரின் பெயர்கள்தான்.

பரஞ்சோதியாருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பி இதே 64 திருவிளையாடல்களைப் பாடியிருக்கிறார். உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். வடமொழியில் ஆலாசிய மான்மியம் என்ற நூலும் உண்டு. படலங்களின் வரிசை நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். வீட்டில் பாட்டி சொன்னதும் கோயிலில் கேட்டதும் ஒத்துப்போகவில்லை என்றால், யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கதைக்குப் பல வாய்கள்.

அந்தக் காட்டுக்குள்ள லிங்கம் முதல்ல எப்படி வந்துச்சு? யாரு வச்சது?

லிங்கத்தை யாரும் வைக்கவில்லை. அது தானாக எழுந்த சுயம்பு. அதை முதலில் கண்டவன் இந்திரன் என்று புராணத்தின் முதல் படலம் சொல்கிறது. விருத்திராசுரனைக் கொன்றதால் இந்திரனைக் கொலைப்பழி பிடித்துக்கொண்டது. குருவாகிய வியாழனோடு தலம் தலமாக அலைந்தான். கடம்பவனத்து எல்லையைத் தொட்டதும் தோளில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியதை உணர்ந்தான். தேடிப் பார்த்தபோது கடம்ப மரத்தடியில் லிங்கம் இருந்தது. பூசைக்குப் பூ வேண்டும் என்று நினைக்க, பக்கத்துக் குளத்தில் பொன் தாமரை பூத்தது. விண்ணிலிருந்து விமானத்தைக் கொண்டுவந்து சாத்தியவனும் அவனே. தனஞ்சயன் பார்த்தது இந்த விமானத்தைத்தான். சித்திரை மாதப் பௌர்ணமியன்று வந்து பூசித்தால் போதும் என்று இறைவன் இந்திரனை அனுப்பிவைத்தார்.

ஆக, கதைப்படி மதுரையில் முதலில் தோன்றியவை ஒரு மரம், ஒரு லிங்கம், ஒரு குளம். அரசன் வந்தது எல்லாவற்றுக்கும் பிறகு.

மதுரம்னா இனிப்பு, அதான் மதுரைன்னு பேர் வந்துச்சுன்னு சொல்றாங்க. சரியா?

புராணம் தரும் விளக்கம் அதுதான். ஆனால் ஒரு ஊரின் பெயருக்குப் புராணம் சொல்லும் காரணம், பெரும்பாலும் பெயர் நிலைத்த பிறகு சேர்க்கப்பட்டதாக இருக்கும். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றில் ஊர்ப்பெயர் 'மதிரை' என்று வெட்டப்பட்டிருக்கிறது. அழகர்மலைக் குகையில், தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு அது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. 'மதுரம்' என்பதிலிருந்து நேரே வந்ததாக இருந்தால் அந்த 'தி' எப்படி வந்தது என்று கேட்க இடம் இருக்கிறது.

எங்க ஊர்ப்பக்கம் மருதைன்னு சொல்வாங்க. அது கொச்சையா?

கொச்சை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வைகைக் கரையில் மருத மரங்கள் நிறைந்த நீராடுதுறை இருந்ததைப் பரிபாடல் பாடுகிறது. 'திருமருத முன்துறை' என்பது அதன் பெயர். மருத மரத்தால் மருதை, அது மாறி மதுரை என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரியானால், படிக்காதவர் பேச்சு என்று நாம் நினைப்பது படித்தவர்கள் எழுத்தைவிடப் பழையது. முடிந்த முடிவாக நான் சொல்லமாட்டேன். ஆனால் சந்தைக்கு வரும் பெரியவர் "மருதைக்குப் போறேன்" என்று சொல்லும்போது எனக்குத் திருத்தத் தோன்றியதில்லை.

ராஜா இருக்கும்போது ஒரு வியாபாரி எதுக்குக் கதைக்குள்ள வர்றார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. என் சித்தி மகள் பத்து வயதில் கேட்டாள். அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை.

இந்தக் கதையில் அரசனுக்குக் கனவு மட்டும்தான் வந்தது. கண்ணால் கண்டவர் தனஞ்சயன். அவர் படையெடுத்துப் போகவில்லை, தவம் செய்யவும் போகவில்லை. சரக்கு விற்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஊருக்கு அடிகோலியது அவர் கண்ட காட்சி. இது மதுரைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். மேலே சொன்ன அழகர்மலைக் கல்வெட்டுகளில் பெயர் பொறித்திருப்பவர்கள் மதிரைப் பொன்கொல்லன், உப்பு வாணிகன், கொழு வாணிகன், அறுவை வாணிகன் போன்றவர்கள். அறுவை என்றால் துணி. கொழு என்றால் ஏர்க்கொழு. சங்கப் புலவர்களிலும் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் இருக்கிறார். மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி. மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெரு நாளங்காடி, இரவுக் கடைத்தெரு அல்லங்காடி என்று இரண்டு வருகின்றன.

கடைகளாலேயே வாழ்ந்த ஒரு ஊர், தன் பிறப்புக் கதையில் ஒரு வணிகரை முதல் சாட்சியாக வைத்துக்கொண்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் இரவு பன்னிரண்டு மணிக்கு இட்லிக் கடையில் கூட்டம் நிற்கிற ஊர் இது.

ஆலவாய்னா பாம்பு வாய்தானே? ஏற்கெனவே கட்டின ஊருக்கு மறுபடி எதுக்கு எல்லை காட்டணும்?

அது 49ஆவது திருவிளையாடல். முதல் நகரம் கட்டி எத்தனையோ தலைமுறை கழித்து நடக்கிறது. இடையில் கீர்த்திபூடண பாண்டியன் காலத்தில் கடல் பொங்கி எல்லாவற்றையும் அழித்தது. கோயில் விமானமும் பொற்றாமரைக் குளமும் யானைமலை, நாகமலை, பசுமலை முதலிய மலைகளும் மட்டும் தப்பின. மெல்ல மெல்ல மக்கள் பெருகினார்கள். வங்கியசேகர பாண்டியன் காலத்தில், பழைய நகரத்தின் எல்லை எது என்று சொல்ல ஆள் இல்லை. மறுபடியும் சிவபெருமான் சித்தராக வந்தார். தன் கையில் கங்கணமாகக் கிடந்த பாம்பை எல்லை காட்டச் சொன்னார். அது கிழக்கே தொடங்கி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, தன் வாலைத் தானே வாயில் கவ்வி வட்டத்தை முடித்தது. அந்தக் கோட்டின் மேல் மதில் எழுந்தது. கிழக்கே திருப்பூவணம், தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே திருவேடகம், வடக்கே இடபமலை என்று எல்லைகளும் சொல்லப்படுகின்றன. இடபமலை என்பது அழகர்மலை.

இது நிஜமான மதில் இருந்த இடமாக இருக்க முடியாது. திருப்பூவணம் இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஆனால் மதுரையோடு வாழ்க்கை பிணைந்த ஊர்கள் எவ்வளவு தூரம் பரவியிருந்தன என்பதை அந்தப் பாம்பு சரியாகவே காட்டியிருக்கிறது. ஆலவாய் என்ற பெயரும் பழையது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்தத் தலத்தை அந்தப் பெயரில்தான் பாடுகிறார். வடமொழியில் 'ஆலாசியம்' என்பதும் நஞ்சு, வாய் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்ததுதான். தமிழ்ப் பெயரை அப்படியே பெயர்த்துக்கொண்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

பாம்பு எல்லை காட்டுற மாதிரி வேற ஊர்லயும் கதை இருக்கா?

பாம்பு என்று நான் படித்ததில்லை. ஆனால் எல்லைக் கோடு இழுக்கும் கதை உலகத்தில் நிறைய உண்டு. ரோம் நகரத்துக்கு ரோமுலஸ் கலப்பையால் கோடு இழுத்தான். கார்த்தேஜில் டைடோ அரசி, ஒரு மாட்டுத்தோல் மூடும் அளவு நிலம் போதும் என்று கேட்டு வாங்கி, தோலை மெல்லிய வாராகக் கிழித்து ஒரு குன்றையே சுற்றி வளைத்தாள். அங்கே மனிதர்கள் இழுத்த கோட்டை இங்கே இறைவனின் அணிகலனே வந்து வரைகிறது.

நான்மாடக்கூடல்னா என்ன?

வருணன் ஏவிய மழையிலிருந்து ஊரைக் காக்க, சிவபெருமான் தன் சடையிலிருந்து நான்கு மேகங்களை விட்டார். அவை நான்கு மாடங்களாகக் கூடி ஊருக்குக் கூரை ஆயின. இது 19ஆவது திருவிளையாடல். பழைய உரைகளில் வேறு விளக்கமும் உண்டு. கன்னி, கரியமால், காளி, ஆலவாய் என்ற நான்கு கோயில்கள் கூடிய ஊர் என்பது அது. நான்கு பக்கமும் கோயில் இருந்த ஊர் என்ற இரண்டாவது விளக்கம்தான் எனக்கு இயல்பாகப் படுகிறது.

மீனாட்சி அம்மாதானே மதுரையை உருவாக்குனாங்க?

இல்லை. புராணப்படி நகரம் கட்டிய குலசேகரனின் மகன் மலயத்துவச பாண்டியன். அவனும் சோழ அரசன் மகள் காஞ்சனமாலையும் பிள்ளை வேண்டிச் செய்த வேள்வியில் தோன்றியவள் தடாதகை. அவள்தான் மீனாட்சி. ஆக, ஊர் கட்டியவனுக்கு அம்மன் பேத்தி முறை. ஆண்டவள் அவள், கட்டியது தாத்தா.

ஆனால் இந்தக் குழப்பத்துக்குள் ஒரு பழைய நினைவு இருக்கலாம். கி.மு. 300ஐ ஒட்டி வடஇந்தியாவுக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், தெற்கே பாண்டேயா என்ற பெண் ஆண்டதாகவும், அவள் ஹெராக்கிளிஸின் மகள் என்றும், தந்தை அவளுக்கு 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாட்படை கொடுத்ததாகவும் எழுதினார். தெய்வத்தன்மை உள்ள ஒரு பெண் பாண்டிய நாட்டை ஆண்டாள் என்ற பேச்சு அவ்வளவு காலத்துக்கு முன்பே பாடலிபுத்திரம் வரை போயிருக்கிறது. அது மீனாட்சிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

குலசேகர பாண்டியன் நிஜமா இருந்த ராஜாவா?

அந்தப் பெயரில் வரலாற்றில் பாண்டியர்கள் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட மாறவர்மன் குலசேகரன் பேர்போனவர். ஆனால் அவர்கள் காலத்தில் மதுரைக்கு ஆயிரம் வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் யாரும் கடம்பங்காட்டை வெட்டியிருக்க முடியாது. புராணம் உருவான நாட்களில் மக்கள் நாவில் இருந்த பெருமைமிக்க பாண்டியப் பெயர் ஒன்று, முதல் பாண்டியனுக்கும் அமைந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சங்க இலக்கியத்துல இந்தக் கதை இருக்கா?

இல்லை. கடம்பவனத்தைத் திருத்தியது, தனஞ்சயன், சித்தர் எதுவும் சங்கப் பாட்டில் கிடையாது. சங்கப் புலவர்களுக்கு மதுரை எப்போது தோன்றியது என்ற கவலையே இல்லை. அவர்களுக்கு அது என்றும் உள்ள ஊர்.

அதற்குப் பதிலாக அவர்கள் தந்தது ஒரு படம். பரிபாடலின் ஒரு பகுதி, திருமாலின் கொப்பூழில் பூத்த தாமரையைப் போன்றது மதுரை என்கிறது. தெருக்கள் இதழ்கள். நடுவில் உள்ள பொகுட்டு பாண்டியனின் கோயில். பூவின் தாது அங்கே வாழும் தமிழ்க் குடிகள். தாதை உண்ண வரும் பறவைகள் பரிசில் தேடி வருபவர்கள். இங்கே 'கோயில்' என்றால் அரண்மனை என்பதைக் கவனியுங்கள். பின்னால் எழுந்த புராணத்தில் நடுப்பொகுட்டில் ஈசன் இருக்கிறார். அந்த நடுவிடம் அரசனிடமிருந்து இறைவனுக்குப் போனதுதான் இரண்டு காலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

தாமரை வடிவம்னு சொல்றீங்க. மேப்புல பார்த்தா சதுரம் சதுரமா இருக்கே?

ஆமாம், சதுரம்தான். கோயிலுக்குள் ஆடி வீதி. அதற்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. இன்று நாம் பார்க்கும் இந்த ஒழுங்குக்கு 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் செய்த திருத்தம் முக்கியக் காரணம். தமிழ் மாதங்களின் பெயர் வைத்த தெருக்கள். அந்தந்த மாதத் திருவிழாவின் சாமி ஊர்வலம் அந்தத் தெருவில் போனது. திருமலை நாயக்கர் காலத்தில் மாசித் திருவிழா சித்திரைக்கு மாறியது. அதனால்தான் சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது. இதைக் கேட்காத வெளியூர்க்காரரே இல்லை.

வெளி வீதி பிறகு வந்தது. நாயக்கர் கோட்டை மதிலை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியைத் தூர்த்து, அந்த இடத்தில் வீதி போட்டார். கடைத்தெருவில் நிற்கும் விளக்குத்தூண் அவர் நினைவாக வைத்தது. ஆனாலும் நடுவில் ஒன்றை வைத்து அதைச் சுற்றிச் சுற்றித் தெரு போடுவது என்ற எண்ணம் தாமரைப் பாட்டிலேயே இருக்கிறது. எத்தனையோ பேர் ஊரை மாற்றினார்கள். நடுவை யாரும் மாற்றவில்லை.

வடக்க மதுரா இருக்கே, அதைப் பார்த்து வச்ச பேரா இது?

அப்படி எழுதிய அறிஞர்கள் உண்டு. பெயர் ஒற்றுமையைத் தவிர வலுவான சான்று இல்லை. 'மதிரை' கல்வெட்டும் மருத மரமும் வேறு பக்கம் இழுக்கின்றன.

இரண்டு ஊரையும் பழங்காலத்தவர் குழப்பிக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரிகிறது. இலங்கையின் மகாவம்சம் இதைத் தென்மதுரை என்று பிரித்தே சொல்கிறது. விஜயன் இலங்கையில் அரசனாக முடிசூட அரசகுலப் பெண் வேண்டும் என்று இங்கே ஆள் அனுப்பியதாகவும், பாண்டிய அரசன் தன் மகளோடு பதினெட்டுத் தொழில் குழுக்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்களையும் கப்பலேற்றியதாகவும் அந்த நூல் சொல்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு தன் தொடக்கக் கதையைச் சொல்லும்போது, மதுரை அதில் ஏற்கெனவே பெரிய ஊராக நிற்கிறது.

கடல் கொண்ட மதுரையும் இதுவும் ஒண்ணா?

இல்லை. இறையனார் அகப்பொருள் உரை மூன்று சங்கங்களைச் சொல்கிறது. முதற்சங்கம் கடல் கொண்ட மதுரையில் 4,440 ஆண்டு, இடைச்சங்கம் கபாடபுரத்தில் 3,700 ஆண்டு, கடைச்சங்கம் உத்தர மதுரையில் 1,850 ஆண்டு. உத்தர மதுரை என்றால் வடக்கே உள்ள மதுரை, அதாவது நம் ஊர். இந்த ஆண்டுக் கணக்கை அப்படியே வரலாறாக வைக்க முடியாது. மூன்று எண்களுமே 37ஆல் மீதியில்லாமல் வகுபடுகின்றன. யாரோ கணக்குப் போட்டு அமைத்த எண்கள் இவை. ஆனால் கடலுக்கு இழந்த ஊர் ஒன்றின் நினைவு, பாம்பு எல்லை காட்டிய கதையிலும் இந்த உரையிலும் தனித்தனியாக வருவதை நான் தள்ளிவிட மாட்டேன்.

கண்ணகி எரிச்ச மதுரை இதுதானே? அப்புறம் யாரு திரும்பக் கட்டினது?

சிலப்பதிகாரத்தின் மதுரை இதுதான். ஆனால் 64 திருவிளையாடல்களில் கண்ணகி கிடையாது. இரண்டும் தனித்தனி மரபுகள். இரண்டையும் ஒரே காலக்கோட்டில் பொருத்தப் பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும்.

சிலம்பின்படி ஊர் முழுக்க அழியவில்லை. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்று கண்ணகி தீக்கு ஆணையிட்டாள். ஊரின் காவல் தெய்வமான மதுராபதி அவள் பின்னால் வந்து பேசுகிறாள். அந்தத் தெய்வம் அவளுக்கு முன்னால் வரவும் தயங்கியது என்பதைப் படிக்கும்போது, ஒரு ஊரே ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டது போல இருக்கும். பிறகு கொற்கையிலிருந்து வெற்றிவேற்செழியன் வந்து ஆட்சி ஏற்றான்.

மணவூர் எங்க இருக்கு? கீழடிதான் மணவூரா?

கீழடி அகழாய்வுத் தொகுப்பில் கொந்தகை, அகரம், மணலூர் என்ற பக்கத்து ஊர்களும் சேரும். மணலூர் என்ற பெயர், மதுரைக்குத் தென்கிழக்கே இருக்கும் இடம், இரண்டையும் வைத்து அதுவே மணவூர் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கடம்பவனத்துக்குக் கிழக்கே மணவூர் என்று புராணம் சொல்வதோடு திசை ஒத்துப்போகிறது. கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் 'இதுதான் மணவூர்' என்று எழுதிய கல்வெட்டு எதுவும் மண்ணிலிருந்து வரவில்லை. ஆசைக்காகச் சான்றை நீட்டக் கூடாது.

கீழடி காட்டுவது வேறு, அதுவே போதுமான பெரிய செய்தி. வைகைக் கரையில் செங்கல் கட்டுமானம், உறைகிணறு, எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் உள்ள நகர வாழ்க்கை இருந்திருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை அதை கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோனது. காலக்கணிப்பைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

யானைமலை, நாகமலை எல்லாம் சமணர்கள் ஏவிவிட்டதுன்னு சொல்றாங்களே?

புராணம் அப்படித்தான் சொல்கிறது. சமணர்கள் யானை, பாம்பு, பசு மூன்றையும் மதுரை மேல் ஏவ, அவை அடிபட்டு மலைகளாகக் கிடப்பதாக மூன்று படலங்கள் உண்டு. சைவமும் சமணமும் மோதிய காலத்தின் சூடு அதில் இருக்கிறது.

இந்த இடத்தில் மட்டும் நான் கதையைச் சொல்லிவிட்டு அப்படியே நகர்வதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வரும் கல்வெட்டும், ஊர்ப்பெயர் 'மதிரை' என்று வரும் அழகர்மலைக் கல்வெட்டும் அப்படிப்பட்ட இடங்களில்தான் கிடைத்தன. நம் ஊரின் மிகப் பழைய கையெழுத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது சமணர் தங்கிய குகைகள். பிள்ளைகளிடம் மலைக் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்போ மதுரைக்கு வயசு என்னதான்?

பிறந்த தேதி கிடையாது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் கல்வெட்டு பாண்டியரைச் சொல்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி 'மொதூரா' என்று இதைப் பாண்டியனின் தலைநகராகக் குறிக்கிறார். நடுவில் தமிழிக் கல்வெட்டுகள். ஆக, 2,000 ஆண்டுக்கு மேல் இடைவிடாமல் பெயரும் இடமும் மாறாமல் வாழும் ஊர் என்று தைரியமாகச் சொல்லலாம். பலகைகளில் எழுதும் 2,500 என்பது கீழடியையும் சேர்த்துப் போட்ட கணக்கு.

ஒரே வார்த்தையில சொல்லுங்க, கதை உண்மையா பொய்யா?

ஒரே வார்த்தையில் முடியாது. நடந்த சம்பவமாக யாராவது வைத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊர் தோன்றி ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட கதை இது. ஆனால் பொய் என்று சொல்பவரிடமும் நான் நிற்க மாட்டேன். இந்தக் கதை காற்றில் எழுதப்படவில்லை. குளம், மரம், தெரு, மலை, வைகைக் கரை ஊர்கள் என்று கண்ணெதிரே இருப்பதை ஒவ்வொன்றாகப் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே இரவில் ஒரு வழிப்போக்கர் கண்ட காட்சியோடு கட்டியிருக்கிறது. இங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் ஊரை எப்படி நேசித்தார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

கதையில வர்ற இடத்தையெல்லாம் ஒரே நாள்ல பார்க்க முடியுமா?

முடியும், காலையிலேயே கிளம்பினால். சுவாமி சன்னதிப் பிராகாரத்தில் பட்டுப்போன பழைய கடம்ப மரத்தின் அடிப்பகுதியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே தொடங்குங்கள். இந்திர விமானத்தைத் தாங்கும் யானைகளைக் கருவறையின் அடிப்பகுதியில் பார்க்கலாம். பொற்றாமரைப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வெளியே வந்து கிழக்கே நடந்தால், பழைய பாண்டியர் கோட்டை வாயிலில் எஞ்சிய விட்டவாசல் இருக்கிறது. அதன் கீழே இன்றும் ஆட்கள் போய்வருகிறார்கள்.

மதியத்துக்கு மேல் ராமநாதபுரம் சாலையில் பஸ் ஏறுங்கள். சிலைமான் தாண்டிப் பிரிந்தால் கீழடி அருங்காட்சியகம். அதைப் பார்த்துவிட்டு அதே சாலையில் திருப்பூவணம் போங்கள். பாம்பு காட்டிய கிழக்கு எல்லை அது. அங்கேயும் ஒரு திருவிளையாடல் நடந்திருக்கிறது, 36ஆவது. பொன்னனையாள் என்ற பெண் இறைவனுக்குத் திருமேனி செய்யப் பொன் இல்லாமல் தவித்தபோது, அதே சித்தர் வந்து அவள் வீட்டுப் பாத்திரங்களைப் பொன்னாக்கிக் கொடுத்தார். செய்து முடித்த திருமேனியின் அழகைப் பார்த்து, ஆசை தாங்காமல் அவள் அதன் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளிய தடம் இன்னும் இருப்பதாகச் சொல்வார்கள். குருக்களிடம் கேட்டுப் பாருங்கள்.